கேப்ஸ்யூல் போட்டா குறைமாசப் பிரசவம் வராம இருக்குமா?

கேள்வி:
டாக்டர், எனக்கு வயசு 28, நாமக்கல் பக்கம். 2021ல முதல் பிரசவம், 33வது வாரத்துல ராத்திரி தூக்கத்துல பனிக்குடம் உடைஞ்சு பையன் 1.8 கிலோல பொறந்தான், ரெண்டு வாரத்துக்கு மேல இன்குபேட்டர்ல வச்சிருந்தாங்க, இப்போ நல்லா இருக்கான். மறுபடி இப்போ 15 வாரம். வெயிட் 82, உயரம் 157. போன செக்கப்ல பிபி 130/84 இருந்துச்சு, அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. எங்க அக்காவுக்கு முதல் பிரசவத்துல பிபி ஏறி ஃபிட்ஸ் வந்துச்சு. டாக்டர் ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரை குடுத்திருக்காங்க. ஷார்ஜால இருக்கற சித்தி பொண்ணு ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல் ரெண்டு டப்பா குடுத்து விட்டிருக்கா, அதைப் போட்டா குறைமாசத்துல குழந்தை பொறக்காதுன்னு வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்களாம். எனக்கு கொஞ்சம் வெள்ளைப்படுதலும் இருக்கு. அத்தை தயிரே குளிர்ச்சி, சாப்பிடக்கூடாது, படுத்தே இருன்னு சொல்றாங்க. கேப்ஸ்யூல் போடலாமா? – பேர் வேண்டாம்

பதில்:
கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன் மா. ப்ரோபயாடிக்னா உடம்புக்கு நல்லது பண்ற பாக்டீரியாவை உயிரோட அடைச்சு விக்கறது, அந்த கேப்ஸ்யூல் குறைமாசப் பிரசவத்தைத் தடுக்கும்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல. உங்க விஷயத்துல, அதாவது உங்க வெயிட், பிபி, அக்கா கதை இதெல்லாம் வச்சுப் பாத்தா, போடாம இருக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். விஷம் ஒண்ணும் இல்ல, ஏற்கனவே ரெண்டு மூணு போட்டுட்டீங்கன்னா பயந்துக்க வேண்டாம், நிறுத்திடுங்க அவ்ளோதான். ஆனா உங்க லெட்டர்ல கேப்ஸ்யூலை விட அவசரமான ரெண்டு விஷயம் இருக்கு, அதை நீங்க கேள்வியாவே கேக்கல, அதனால நானே இழுத்துட்டு வர்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி, முதல் பிரசவத்தோட டிஸ்சார்ஜ் கார்டை தேடி எடுங்க. நம்ம வீடுகள்ல குழந்தையோட தடுப்பூசி கார்டு பத்திரமா இருக்கும், அம்மாவோட கார்டு எங்க போச்சுன்னே தெரியாது. அதுல பனிக்குடம் எத்தன மணிக்கு உடைஞ்சது, அதுக்கப்புறம் தானா வலி வந்துச்சா இல்ல ஊசி போட்டு வர வச்சாங்களா, காய்ச்சல் இருந்துச்சா, யூரின் கல்ச்சர் எடுத்தாங்களா, நஞ்சுக்கொடி எப்படி இருந்துச்சு, பிபி எவ்ளோ, இதெல்லாம் எழுதிருப்பாங்க. ஏன் இவ்ளோ கேக்கறேன்னா குறைமாசப் பிரசவம்ங்கறது ஒரே வியாதி இல்ல. 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பொறந்தா எல்லாத்துக்கும் அதே பேர்தான், ஆனா ஒருத்தருக்கு கிருமித் தொற்று மேல ஏறி பனிக்குடம் உடையும், ஒருத்தருக்கு கர்ப்பப்பை வாய் சீக்கிரமே சுருங்கி குட்டையாகி திறந்துக்கும், இன்னொருத்தருக்கு ரெட்டைக் குழந்தை, இன்னொருத்தருக்கு எதுவுமே தானா வராது, பிபி எகிறி அம்மா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரே முன்கூட்டி குழந்தையை எடுப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி 2020ல மட்டும் உலகத்துல 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க இப்படி முன்னாடியே பொறந்திருக்கு, அதுல இந்தியாவுல மட்டும் சுமார் 30 லட்சம். இத்தனை பேருக்கும் ஒரே மாத்திரை வேலை செய்யும்னு யாராவது சொன்னா அங்கயே கொஞ்சம் சந்தேகப்படணும்.

சரி, உங்க சித்தி பொண்ணு சும்மா சொல்லல, அந்த யோசனைக்கு ஒரு அடிப்படை இருக்கு. பிறப்புறுப்புல நல்ல பாக்டீரியா நிறைய இருக்கும், லாக்டோபேசில்லஸ்னு பேரு, அது லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தை புளிப்பாவே வச்சிருக்கும், பிஎச் 4.5க்கு கீழ. புளிப்பு இருக்கற வரைக்கும் கெட்ட கிருமிங்க தலை தூக்காது. அந்த நல்ல கூட்டம் குறைஞ்சு வேற கிருமிங்க பெருகினா அதைத்தான் பாக்டீரியல் வஜைனோசிஸ்னு சொல்றோம், அது இருக்கற கர்ப்பிணிகளுக்கு குறைமாசப் பிரசவ வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகம். கிருமி கர்ப்பப்பை வாய் வழியா மேல ஏறினா உடம்பு அதை எதிர்க்கறப்போ ப்ரோஸ்டாகிளாண்டின்னு கர்ப்பப்பையை இறுக வைக்கற ஒரு பொருள் சுரக்கும், பனிக்குடத்தோட ஜவ்வு பலவீனமாகும், வலியும் ஆரம்பிக்கும். அப்போ நல்ல பாக்டீரியாவை வாய் வழியா குடுத்தா அது குடல் வழியா போய் கடைசில அங்க போய் குடியேறாதா, அப்படின்னு ஆராய்ச்சி பண்றவங்க நினைச்சதுல தப்பே இல்ல.

அடுத்து நார்வே கதை. அந்த ஊர்ல அம்மா-குழந்தைகளை பல வருஷமா பின்தொடர்ந்து பாக்கற ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அங்க கடைல பயோலா, கல்ச்சுரான்னு ப்ரோபயாடிக் பால் விக்கும், சனங்க சாதாரணமா வாங்கிக் குடிப்பாங்க. 2018ல வந்த கட்டுரைல சுமார் 70 ஆயிரம் பெண்களை வச்சு பாத்தப்போ, கர்ப்பத்தோட ஆரம்பத்துல அந்தப் பால் குடிச்சவங்களுக்கு குறைமாசப் பிரசவம் சுமார் 21 சதவீதம் கம்மியா இருந்துச்சு. கர்ப்பத்தோட பிற்பகுதில குடிச்சவங்களுக்கு ப்ரீஎக்லாம்ப்சியாவும், அதான் கர்ப்பகால பிபி கோளாறு, கம்மியா இருந்துச்சு. வாட்ஸ்அப்ல சுத்தறதெல்லாம் பெரும்பாலும் இதோட பேரன் பேத்திங்கதான். ஆனா இதுல யாரையும் குலுக்கிப் போட்டு நீ குடி, நீ குடிக்காதேன்னு பிரிக்கல. யார் குடிச்சாங்க, யார் குடிக்கலன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. தேடிப் போய் ப்ரோபயாடிக் பால் வாங்கறவங்க மத்த சாப்பாட்டு விஷயத்துலயும் கவனமா இருக்கலாம், வசதியானவங்களா இருக்கலாம், கணக்குப் போடறப்போ இதையெல்லாம் கழிப்பாங்கதான், ஆனா முழுசா கழிக்க முடியாது.

குலுக்கிப் போட்டு ஒரு கூட்டத்துக்கு ப்ரோபயாடிக், இன்னொரு கூட்டத்துக்கு அதே மாதிரி தெரியற வெறும் மாத்திரை குடுத்துப் பாத்தா என்ன ஆச்சு? 2018லயே அந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் சேத்து ஒரு தொகுப்பு வந்துச்சு, குறைமாசப் பிரசவத்துக்கு 11 ஆய்வு, 2484 பெண்கள், ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல. லண்டன்ல சுமார் 300 கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப மாசத்துலேர்ந்து பிரசவம் வரைக்கும் ரெண்டு வகை லாக்டோபேசில்லஸ் கேப்ஸ்யூல் குடுத்தாங்க, அதுவும் பெண்களுக்குன்னே விக்கற வகை, 2020ல முடிவு வந்தப்போ பிறப்புறுப்புல இருக்கற பாக்டீரியா கூட்டத்துல ஒரு மாற்றமும் தெரியல. அதாவது வாய்ல போட்டது போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேரல. நான் இந்த ஆய்வைத்தான் பெருசா எடுத்துக்கறேன், ஏன்னா குறைமாசம் தடுக்குதா இல்லையாங்கறது அப்புறம், முதல் படியே ஏறலைன்னா மீதிப் படிக்கு எங்க போறது.

இப்போ உங்களுக்கு ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு வர்றேன். கர்ப்பகால சுகர் வராம ப்ரோபயாடிக் தடுக்குமான்னு பாக்க உலகம் பூரா நடந்த 7 ஆய்வுகளை, மொத்தம் 1647 பெண்கள், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசற காக்ரேன் அமைப்பு 2021ல சேத்துப் பாத்துச்சு. சுகர் விஷயத்துல உருப்படியா ஒரு பலனும் நிரூபணம் ஆகல. ஆனா யாரும் எதிர்பாக்காத இன்னொண்ணு தெரிஞ்சுச்சு, ப்ரீஎக்லாம்ப்சியா பத்தி கணக்கு வச்சிருந்த 4 ஆய்வுல 955 பெண்கள், ப்ரோபயாடிக் எடுத்தவங்களுக்கு அது வர்ற வாய்ப்பு 1.85 மடங்கு. அதுக்கு முன்னாடி 2019ல ஆஸ்திரேலியா பிரிஸ்பேன்ல வெயிட் அதிகமா இருந்த 411 கர்ப்பிணிகளை வச்சு நடந்த ஆய்வுலயும் இதே சாயல்தான், வெறும் மாத்திரை போட்டவங்கள்ல 4.9 சதவீதம், ப்ரோபயாடிக் போட்டவங்கள்ல 9.2 சதவீதம். அந்த ஒரு ஆய்வை மட்டும் வச்சுப் பாத்தா தற்செயலா இருக்கலாம்னு தள்ளிடலாம், சேத்துப் பாக்கறப்போ தள்ள முடியல. நார்வேல கம்மின்னு தெரிஞ்ச அதே ப்ரீஎக்லாம்ப்சியா இங்க அதிகம்னு தெரியுது பாருங்க, கேட்டு எழுதற ஆய்வுக்கும் குலுக்கிப் போடற ஆய்வுக்கும் இவ்ளோ தூரம்.

ப்ரீஎக்லாம்ப்சியா முத்திப் போச்சுன்னா அதுக்கு மருந்து குழந்தையை வெளிய எடுக்கறது ஒண்ணுதான், 30 வாரம் ஆனாலும் சரி 32 ஆனாலும் சரி. அப்போ குறைமாசம் வரக்கூடாதுன்னு போடற கேப்ஸ்யூலே உங்களை மாதிரி ஒருத்தரை குறைமாசத்துல கொண்டு போய் விடலாம். ஒல்லியா, பிபி பக்கம் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பொண்ணு, வயித்துப்போக்குக்கு டாக்டர் அஞ்சு நாள் எழுதிக் குடுத்தாங்கன்னு கேட்டிருந்தா நான் இவ்ளோ கத்தியிருக்க மாட்டேன், போட்டுக்கோங்கன்னு விட்டிருப்பேன். மாசக்கணக்குல போடறதும் அஞ்சு நாள் போடறதும் வேற வேற.

உங்க லெட்டர்ல நான் முதல்ல பாத்தது பிபி 130/84. இது நோய்னு சொல்ற அளவு இல்ல, 140/90 வந்தாத்தான் அப்படிச் சொல்வோம். ஆனா 15 வாரத்துல பொதுவா பிபி கொஞ்சம் இறங்கித்தான் இருக்கணும், உங்களுக்கு இறங்கல. வெயிட்டையும் உயரத்தையும் வச்சுப் பாத்தா பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு வெயிட் எவ்ளோன்னு பாக்கற கணக்கு, 33. கூடப் பொறந்த அக்காவுக்கு ஃபிட்ஸ் வரைக்கும் போயிருக்கு. பிஎம்ஐ 30க்கு மேல, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ ப்ரீஎக்லாம்ப்சியா, இந்த ரெண்டும் சேந்தா குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் யோசிக்கணும்னு பல நாட்டு வழிகாட்டுதல்கள்லயும் இருக்கு. 12லேர்ந்து 16 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா பலன் நல்லா இருக்கும், நீங்க 15ல இருக்கீங்க, அதனாலதான் அவசரம்னு சொன்னேன். அடுத்த மாச செக்கப் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே போய், "எனக்கு ஆஸ்பிரின் வேணுமா டாக்டர், அக்காவுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. அக்கா விஷயத்தை நீங்க சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும், ஓபில அம்பது அறுபது பேர் லைன்ல நிக்கறாங்க.

இதுக்கு ஆதாரம் ப்ரோபயாடிக் மாதிரி இழுபறி இல்ல. 2017ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ரிஸ்க் அதிகம்னு பொறுக்கி எடுத்த 1600க்கும் மேற்பட்ட பெண்கள்ல, 37 வாரத்துக்கு முன்னாடி வர்ற ப்ரீஎக்லாம்ப்சியா வெறும் மாத்திரைக்காரங்களுக்கு 4.3 சதவீதம், தினம் ராத்திரி 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் போட்டவங்களுக்கு 1.6 சதவீதம். விலையும் ரொம்பக் கம்மி, ஷார்ஜாலேர்ந்து யாரும் குடுத்து விட வேண்டியதில்ல. ஆனா நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போட்டுறாதீங்க, அல்சர், ஆஸ்துமா, ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தா ஆகாமப் போகலாம், எந்த டோஸ், எப்போ நிறுத்தணும்ங்கறதெல்லாம் அவங்க சொல்லட்டும்.

ரெண்டாவது விஷயம் கர்ப்பப்பை வாய் நீளம். முதல் குழந்தை தானா பனிக்குடம் உடைஞ்சு 33 வாரத்துல பொறந்திருக்கு, அப்போ இந்தத் தடவை 16 வாரத்துலேர்ந்து 24 வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாதிரி அந்த நீளத்தை அளந்து பாக்கணும். இது வயித்து மேல ஜெல் தடவிப் பாக்கற ஸ்கேன் இல்ல, சின்ன ப்ரோப்பை உள்ள வச்சுப் பாக்கறது, யூரின் போயிட்டு வந்து காலி வயித்துப்பையோட... இல்ல இல்ல, காலி மூத்திரப்பையோட படுக்கணும், சாப்பிட்டுட்டு தாராளமா போகலாம். அஞ்சு நிமிஷ வேலை. இந்த ஸ்கேனாலேயே கரு கலைஞ்சிடும்னு பயந்து வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போறவங்களை நிறைய பாத்திருக்கேன், அது கலைக்காது, ப்ரோப் கர்ப்பப்பைக்குள்ள போறதே இல்ல. நீளம் 25 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா நிம்மதி, கீழ இறங்கினா ப்ரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் மருந்து, கர்ப்பப்பை வாய்ல தையல், இதுல எது உங்களுக்கு பொருந்தும்னு முடிவு பண்ணுவாங்க. தையல் போடறதுன்னா 24 வாரத்துக்குள்ள போடணும், அதுக்கப்புறம் அளந்து பாத்து பெருசா பிரயோஜனம் இல்ல.

ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரை குடுத்திருக்காங்கன்னு எழுதிருக்கீங்க, வாய்ல போடறதா, உள்ள வைக்கறதான்னு எழுதல. குறைமாசத்தைத் தடுக்கறதுக்கு நல்ல ஆதாரம் இருக்கறது உள்ள வைக்கற வகைக்குத்தான், 2021ல பல ஆய்வுகளோட விவரத்தை சேத்துப் பாத்தப்போ 34 வாரத்துக்கு முன்னாடி பொறக்கறது சுமார் 22 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. வாய் வழியா போடறதுக்கு அவ்ளோ ஆதாரம் கிடையாது. சிலர் வாராவாரம் இடுப்புல போடற ப்ரோஜெஸ்டிரோன் வகை ஊசியும் சொல்வாங்க. அந்த ஊசியோட கதை இந்த ப்ரோபயாடிக் விஷயத்துக்கும் பொருந்தும், கேட்டுக்கோங்க. 2003ல ஒரே ஒரு ஆய்வு பிரமாதம்னு சொல்லுச்சு, 2011ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, அப்புறம் 1700 பெண்களை வச்சு இன்னும் பெருசா பண்ணிப் பாத்தப்போ பலன் தெரியல, 2023 ஏப்ரல்ல அனுமதியைத் திரும்ப வாங்கிட்டாங்க. பன்னெண்டு வருஷம், எத்தனை பேர் இடுப்புல எத்தனை ஊசி! அதனால உங்களுக்கு அந்த ஊசி எழுதினா, உள்ள வைக்கற மாத்திரை போதாதான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம், தப்பில்ல.

வெள்ளைப்படுதலுக்கு வருவோம். கர்ப்பத்துல வெள்ளை அதிகமாத்தான் படும், பால் மாதிரி, வாடை இல்லாம, அரிப்பு இல்லாம இருந்தா அது சாதாரணம், ஒண்ணும் பண்ண வேண்டாம். சாம்பல் கலர்ல தண்ணியா, மீன் கவுச்சி மாதிரி வாடையோட வந்தா அது நான் மேல சொன்ன வஜைனோசிஸ். தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா, அரிப்பும் எரிச்சலுமா வந்தா பூஞ்சை. ரெண்டுக்கும் வேற வேற மருந்து, ரெண்டுக்குமே கர்ப்பத்துல குடுக்கக்கூடிய மருந்து இருக்கு, ஆனா பாக்காம ஃபோன்ல சொல்லி வாங்கற சமாச்சாரம் இல்ல. பழைய பிரசவம் குறைமாசம்னா வாடை இருக்கறப்போ டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும். ஒரு மருந்தைப் போட்டு தொற்றை சரி பண்ணிட்டா குறைமாசமும் நின்னுடுமான்னா அதுவும் உறுதி இல்ல, பிரான்ஸ்ல வஜைனோசிஸ் இருந்த கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்துலயே ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்த ஆய்வு 2018ல வந்துச்சு, பெருசா தடுக்கல. ஆனாலும் தொந்தரவு இருக்கறவங்களுக்கு வைத்தியம் பண்ணித்தான் ஆகணும். இன்னொண்ணு, யாரோ யூட்யூப்ல சொன்னாங்கன்னு தயிரைத் துணில நனைச்சு உள்ள வைக்கறது, மஞ்சத்தண்ணி விட்டுக் கழுவறது, சென்ட் போட்ட வாஷ் வாங்கறது, இதுல எதையும் பண்ணாதீங்க. வெறும் தண்ணி போதும், அதுவும் வெளிய மட்டும்.

யூரின் கல்ச்சர் ஒரு தடவை எடுத்தாச்சான்னு பாருங்க. எரிச்சலே இல்லாம யூரின்ல கிருமி இருக்கும் சில பேருக்கு, அதை சும்மா விட்டா கிட்னி வரைக்கும் ஏறும், குறைமாசத்துக்கும் வழி விடும். அப்புறம் வீட்டுல யாராவது பீடி சிகரெட் பிடிச்சா வாசலுக்கு அந்தாண்ட அனுப்புங்க, வெத்தலை கூட புகையிலை போடற பழக்கம் உங்களுக்கோ பெரியவங்களுக்கோ இருந்தா உங்க விஷயத்துல அது கூடவே கூடாது. சுகர் டெஸ்ட் முதல் விசிட்ல நல்லா இருந்தாலும் 24லேர்ந்து 28 வாரத்துக்குள்ள குளுக்கோஸ் குடிச்சு மறுபடி பாக்கணும்.

அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, ஆனா தயிர் சாப்பிடுங்க. காய்ச்சின பால்ல வீட்டுல தோய்ச்ச தயிர், மோர், இட்லி தோசை, பழைய சோறு, இதெல்லாம் கர்ப்பத்துல தாராளமா சாப்பிடலாம், சளி பிடிக்காது, குழந்தைக்கு குளிராது. கேப்ஸ்யூலுக்கு சொன்ன எச்சரிக்கை வீட்டுத் தயிருக்குக் கிடையாது, அந்த ஆய்வுகள்ல குடுத்தது பொறுக்கி எடுத்த வகைகளை கோடிக்கணக்குல, தினமும். தயிரை மருந்தா நினைக்க வேண்டாம், சாப்பாடா நினைச்சு சாப்பிடுங்க, கால்சியமும் புரதமும் வந்து சேரும். காய்ச்சாத பால், அதுல செஞ்ச எதுவும் மட்டும் வேண்டாம். கடைல விக்கற சின்ன பாட்டில் இனிப்பு ப்ரோபயாடிக் பானம் உங்களுக்கு தேவையே இல்ல, அதுல இருக்கற சர்க்கரையை உங்க பிஎம்ஐக்கு யாரு கணக்குப் பாக்கறது.

அத்தை படுத்தே இருன்னு சொல்றதுதான் எனக்கு கவலை. படுத்தே இருந்தா பிரசவம் தள்ளிப் போகும்னு எந்த ஆய்வும் நிரூபிக்கல, மாறா கால்ல ரத்தம் கட்டும், சதை குறையும், வெயிட் ஏறும், மனசும் கெட்டுப் போகும். தண்ணிக் குடம் தூக்க வேண்டாம், பையனை இடுப்புல வச்சுக்கிட்டு மாடிப்படி ஏற வேண்டாம், மத்தபடி வீட்டு வேலையும் சாயங்காலம் ஒரு நடையும் நல்லதுதான், ஸ்கேன்ல வாய் குட்டையா இருந்தா மட்டும் டாக்டர் என்ன சொல்றாங்களோ அதைக் கேளுங்க. அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, உங்க வாய்ல கேக்கறதை விட டாக்டர் வாய்ல கேட்டா அவங்களுக்கு ஏறும்.

அசைவம் சாப்பிடறவங்கன்னா வாரத்துல ரெண்டு நாள் மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன் குழம்பு வச்சுக்கோங்க. ஒமேகா-3 கொழுப்பு பத்தி 2018ல காக்ரேன் 70 ஆய்வுகளை சேத்துப் பாத்தப்போ 34 வாரத்துக்கு முன்னாடி பொறக்கறது 4.6 சதவீதத்துலேர்ந்து 2.7க்கு இறங்கியிருந்துச்சு, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியால 5500 பெண்களை வச்சு நடந்த ஆய்வுல வித்தியாசம் தெரியல, அதனால மாத்திரையா வாங்கிப் போடுங்கன்னு நான் சொல்லல. மீன் எப்படியும் நல்ல சாப்பாடு. சுறா மாதிரி பெரிய மீனை மட்டும் விட்டுடுங்க, பாதரசம் சேந்திருக்கும்.

ஷார்ஜா டப்பா ரெண்டையும் என்ன பண்றதுன்னு கேப்பீங்க. லேபிள்ல பாத்தீங்கன்னா பிரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரில வைக்கச் சொல்லி இருக்கலாம், அப்படி இருந்தா சூட்கேஸ்ல பிளைட்டு, கார்னு வந்து நாமக்கல் வெயில்ல பீரோ மேல உக்காந்த டப்பால உயிரோட எத்தனை இருக்குமோ. வீட்டுல வேற யாருக்காவது டாக்டர் சொல்லி தேவைப்பட்டா பாத்துக்கலாம். ஆனா பொறக்கப் போற குழந்தைக்கு அதைப் பிரிச்சு பால்ல கலந்து குடுக்கற யோசனை மட்டும் யாருக்கும் வரக்கூடாது. ஒடிசால 4556 பச்சைக் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகை ப்ரோபயாடிக் குடுத்து ரத்தத்துல கிருமி பரவறதும் இறப்பும் சேந்து 9லேர்ந்து 5.4 சதவீதமா குறைஞ்சதா 2017ல நல்ல ஆய்வு ஒண்ணு வந்திருக்கு, அது உண்மை, ஆனா அந்தக் குழந்தைங்க 2 கிலோவுக்குக் குறையாம, 35 வாரம் தாண்டிப் பொறந்தவங்க. ரொம்ப முன்னாடி பொறந்த எடை குறைஞ்ச குழந்தைக்கு ப்ரோபயாடிக் குடுத்து அதே பாக்டீரியா ரத்தத்துல பரவி ஒரு குழந்தை இறந்து போச்சுன்னு 2023ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டுச்சு. என்ஐசியூல, அதான் பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டுல, குழந்தை டாக்டர் பாத்துக் குடுக்கறது வேற, வீட்டுல நாம குடுக்கறது வேற.

எந்த ஆஸ்பத்திரில பிரசவம்னு இப்பவே முடிவு பண்ணுங்க, குறைமாசக் குழந்தையை வச்சுப் பாக்க வார்டு இருக்கற இடமா இருக்கணும், அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல எஸ்என்சியூன்னு அந்த வார்டு இருக்கு, கர்ப்பத்தைப் பதிவு பண்றப்போ குடுக்கற பிக்மி நம்பரும் பழைய ரிப்போர்ட்டும் கைல இருந்தா அங்க வேலை சீக்கிரம் நடக்கும். தண்ணி மாதிரி கசிஞ்சா, ரத்தம் பட்டா, வயிறு விட்டு விட்டு இறுகினா, இடுப்பு வலி கீழ இறங்கினா, தலைவலி, கண்ணு மங்கல், மேல் வயித்துல வலி வந்தா, குழந்தை துடிப்பு குறைஞ்ச மாதிரி இருந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, 108 கூப்பிடுங்க. 24லேர்ந்து 34 வாரத்துக்குள்ள வலி வந்தா அம்மாவுக்குப் போடற ஸ்டீராய்டு ஊசி குழந்தையோட நுரையீரலை முதிர வைக்கும், முழு பலன் கிடைக்க ஒரு நாளாவது வேணும், அதனால நீங்க எவ்ளோ சீக்கிரம் போய்ச் சேர்றீங்களோ அவ்ளோ நல்லது. போன தடவை உங்களுக்கு அது போட்டாங்களான்னும் பாத்து வைங்க.

16 வாரம் ஆனதும் அந்த ஸ்கேனை எடுத்துட்டு, எத்தனை மில்லிமீட்டர், பிபி எவ்ளோ, ஆஸ்பிரின் பத்தி என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க மா. 25க்குக் கீழன்னு வந்துச்சுன்னா எனக்கு எழுதிட்டு உக்காந்திருக்க வேண்டாம், ரிப்போர்ட்டோட அன்னிக்கே உங்க டாக்டரைப் பாருங்க, எனக்கு அப்புறம் எழுதிக்கலாம்.